மலையக ஆலயப் பணிக்குப் புறப்படும் முன்

சகோதரருக்கு ஸ்தோத்திரம். மார்த்தாண்டத்திலிருந்து பதினைந்து வாலிபரை அழைத்துச் சென்று, இலங்கை மலையகத்தில் இடிந்த ஆலயத்தைக் கட்டிக்கொடுக்கச் சுற்றுலா விசா போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது, அந்த விசாவில் சம்பளமில்லாத வேலையும் கூடாது என்பதால், அங்குள்ள சபையின் அழைப்புக் கடிதத்தோடு உரிய விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

ஆட்களையும் குறைக்க வேண்டுகிறேன். 2017 ஒக்கிப் புயலுக்குப் பின், வெளியூரிலிருந்து அன்போடு வந்தவர்கள் எங்கள் ஆலயத்தில் பூசிய சுவர், கையால் தடவினாலே மணலாய் உதிர்ந்ததால், உள்ளூர்க் கொத்தனார் அதைக் கொத்தியெடுத்து மறுபடி பூசினார். தேர்ந்த இரண்டு கொத்தனாரும் ஒரு தச்சரும் போதும். மிச்சமாகும் பயணச் செலவு அங்குள்ளவர்களுக்குக் கூலியாகட்டும். அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவிட்டால் வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது. ஆடிட்டரிடம் கேட்ட பிறகே அனுப்புங்கள்.