தொட்டிலும் பலகையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 33. கும்பகோணத்தில் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். இரண்டு வருட ஆர்டர் கையில் இருக்கிறது. "வம்சம் தழைக்க ஒரு பிள்ளை வேண்டாமா?" என்கிறார் மாமியார். படங்கள்தான் என் வாரிசு என்று வாய் சொல்கிறது. மனசு முழுசாக ஒப்பவில்லை. 37 வரை தள்ளிப்போடலாமா? வண்ணங்களால் கருவுக்குக் கெடுதல் உண்டா?

பதில்: ஆர்டர் கொடுத்தவரிடம் பேசினால் படத்துக்குத் தவணை கிடைக்கும். கருமுட்டையிடம் அந்தப் பேச்சு எடுபடாது. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருந்த முட்டைகள், வயதுக்கு வரும்போதே மூன்று நான்கு லட்சமாகிவிடும். புதிதாக ஒன்றும் ஊறாது. 35க்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் சேர்ந்தே வேகமாக இறங்கும். 37ல் குழந்தை பிறக்காது என்றில்லை. சிக்கல் ஏதாவது தெரியவந்தால் சரிசெய்ய அப்போது அவகாசம் குறைவு, அவ்வளவுதான்.

இப்போதே ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த நாளிலும் எடுக்கலாம். மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் சினைப்பை ஸ்கேனும் பாருங்கள். ஏ.எம்.எச். முட்டை இருப்பைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. எண் நன்றாக வந்துவிட்டதென்று நாலு வருடம் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கணவரும் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு விந்தணுப் பரிசோதனை செய்யட்டும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. மாமியார் காதிலும் இதைப் போட்டுவையுங்கள்.

பின்னால் பயன்படுத்த முட்டையை எடுத்து உறைய வைப்பதென்றால் சுமார் 10, 12 நாள் ஊசி. கடைசி ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி 10 ஆண்டு வரை சேமிக்கலாம். உருக்கும்போது எல்லா முட்டையும் பிழைப்பதில்லை.

இனி வண்ணம். 'இயற்கை நிறம்தானே' என்ற தைரியம் இங்கே உதவாது. ஜாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் ஆர்சனிக், ஈயச் செந்தூரத்தில் ஈயம். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஈயம் எலும்பில் போய்ப் பல வருடம் தங்கும். கர்ப்பத்தில் எலும்புச் சுண்ணாம்பு கரையும்போது அதுவும் ரத்தத்தில் இறங்கிக் கருவைச் சேரும். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்கிறோம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்த வேண்டும். ஈயமில்லாத வண்ணத்துக்கு மாறிவிடுங்கள். படத்தில் மேடு எழுப்பும் பூச்சான மக்கு காய்ந்தபின் அதை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தங்க ரேக்கும் கல்லும் ஒன்றும் செய்யாது.

வாரிசு வழக்குக்கு வருவோம். சோழ அரசி செம்பியன் மாதேவிக்கு உத்தம சோழன் என்று மகன் உண்டு. கணவர் கண்டராதித்தர் பெயரால் கோனேரிராஜபுரத்தில் எடுத்த கற்கோயிலும் உண்டு. ஊர் மாதேவியின் பெயரை அதிகம் சொல்வது கோயிலை வைத்துத்தான். மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: குழந்தை வரம் வேண்டித் திருக்கருகாவூர் கோயில் நெய் சாப்பிடுகிறேன். டாக்டர் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க முயலும் முன்பே தொடங்க வேண்டும். நெய் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். அங்கே தரும் விளக்கெண்ணெய் வயிற்றில் தடவத்தான், குடிக்க அல்ல.

கேள்வி: அம்மா வரைந்துவிட்டுப் போன கிருஷ்ணர் படத்தில் மக்கு பொரிகிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சுக்கான் மாவும் கோந்தும் குழைத்ததுதான் மக்கு; ஈரம் பட்டால் கோந்து இளகி, ரேக்கும் கூடவே பெயர்ந்துவரும். ஒரே தடவையில் கனமாக அப்பிய இடம் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். வெடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரச்சுவர்ப் பக்கம் மாட்டினால் பலகை உப்பி வெடிப்பு விரியும். படத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பலகைப் பின்புறம் மாவு மாதிரித் தூள் கொட்டினால் பூச்சி அரிக்கிறது என்று அர்த்தம். உடனே படத்தைத் தனியே பிரித்து வையுங்கள். உதிர்ந்த சில்லுகளை ஒரு காகிதத்தில் மடித்துப் பத்திரப்படுத்துங்கள், ஒட்டுபவருக்கு அவைதான் வேண்டும்.