லண்டன் விதையும் கொழும்பு பல்கனியும்: தக்காளிப் பூ ஏன் கொட்டுகிறது?

கேள்வி: "அக்கா, நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனி தெற்குப் பக்கம். லண்டனில் இருக்கிற சித்தி தக்காளி, வெங்காயம், பட்டாணி, லெட்டூஸ் விதைப் பக்கற்றுகள் அனுப்பியிருந்தா. எல்லாவற்றிலும் வசந்த காலத்தில் விதைத்துக் கோடையில் பறிக்கலாம் என்று போட்டிருக்கிறது. பெப்ரவரி கடைசியில் விதைத்தேன். தக்காளி நன்றாக வளர்ந்தது, ஆனால் இப்போது ஏப்ரலில் பூவெல்லாம் கொட்டுகிறது, ஒரு காய்கூட இல்லை. பட்டாணி கருகிவிட்டது. டிசம்பரில் நல்ல வெயில் விழுந்த பல்கனியில் இப்போது வெயிலும் குறைந்த மாதிரி இருக்கிறது. எங்களுக்கு வசந்தம், கோடை என்பது எந்த மாதம்? இனி என்ன போடலாம்?"

தங்கச்சி, கொழும்பில் வசந்தமும் இல்லை, கோடையும் இல்லை. பக்கற்றில் இருக்கிற மாதங்கள் லண்டன்காரருக்கு எழுதினவை. அங்கே உறைபனி போய் மண் சூடேறும்வரை விதை முளைக்காது, அதனால்தான் மார்ச், ஏப்ரல் வரை காத்திருக்கிறார்கள். எங்கள் மண் வருடம் முழுக்கச் சூடு, எந்த மாதம் போட்டாலும் முளைக்கும். முளைத்த பிறகு மழையையும் இரவுச் சூட்டையும் அது எப்படித் தாங்கும் என்பதுதான் இங்கே கணக்கு.

உங்கள் தக்காளிக்கு இரவுச் சூடுதான் எமன். இரவில் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருந்தால் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும், 24 ஐத் தாண்டினால் மகரந்தம் பழுதாகிவிடும். கொழும்பில் ஏப்ரல் இரவு 25 ஐ ஒட்டியே நிற்கிறது. பூக்காம்பை உற்றுப் பாருங்கள், நடுவில் சின்னதாக ஒரு கணு இருக்கும். முதலில் அது மஞ்சளாகும், பிறகு பூ அந்த இடத்திலேயே கழன்று விழும். கணு மஞ்சளாகி விழுகிறதென்றால் பூச்சி மருந்து தேடி அலைய வேண்டாம், யூரியாவும் போட வேண்டாம். யூரியா போட்டால் இலைதான் இன்னும் தழைக்கும். மத்தியானத்துக்குப் பிறகு நிழல் வலை கட்டி, காலை எட்டு ஒன்பது மணிக்குப் பூங்கொத்தை விரலால் இலேசாகத் தட்டிவிட்டால் ஒன்றிரண்டு காய் தப்பலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஜனவரியில் இரவு 22 வரை இறங்கும். அதனால் கொழும்பில் தக்காளியை நவம்பர் கடைசியில் விதைத்தால் பெப்ரவரி, மார்ச்சில் பழம் பறிக்கலாம். அதுவும் குண்டுத் தக்காளியைவிடச் சின்னத் தக்காளி சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். சித்தி அனுப்பியது பெரிய இனமென்றால், எங்கள் விவசாயத் திணைக்களத்தின் 'திலின' போன்ற உள்ளூர் இனம் ஒன்றையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வெயில். இதை ஏனோ யாரும் சொல்லித்தருவதில்லை. நீங்கள் கவனித்தது முழுக்கச் சரி. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அதற்குப் பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்து செப்டம்பர் முதல் வாரம்வரை அங்கேயே நிற்கும். ஆகவே தெற்குப் பல்கனிக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வெயில், வடக்குப் பல்கனிக்கு ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வெயில். அதிலும் வடக்குப் பல்கனிக்காரருக்குக் கொஞ்சம் அநியாயம்தான். மேல் வீட்டுப் பல்கனித் தட்டு பத்தடி உயரத்தில் இருக்கிறதென்று வையுங்கள், டிசம்பர் நண்பகல் வெயில் தெற்குப் பல்கனிக்குள் கிட்டத்தட்ட ஆறடி உள்ளே வரும். ஜூன் நண்பகல் வெயில் வடக்குப் பல்கனியில் மூன்றடிக்கு மேல் வராது. விளிம்பு கம்பியாக இல்லாமல் சுவராக இருந்தால் அந்த மூன்றடியும் சுவரிலேயே போய்விடும், சாடியைத் தூக்கி உயரத்தில்தான் வைக்க வேண்டும். கிழக்கு, மேற்குப் பல்கனிக்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை, அரை நாள் வெயில் வருடம் முழுக்க இருக்கும். மேற்கு வெயில் மட்டும் கொஞ்சம் கொடூரம்.

சரி, தெற்குப் பல்கனியை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது? காய்க்கிற செடிகளை மொட்டை மாடிக்கு ஏற்ற முடியுமா என்று நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். கேட்காமல் ஏற்றினால் பிறகு சண்டைதான். இருபது லீற்றர் பெயிண்ட் வாளியில் ஈர மண் போட்டால் முப்பது கிலோ வரை வரும் என்பதால், தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வைக்கிறோம் என்று சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும். மேலே இடம் கிடைத்தால் வெண்டி, கத்தரி, பயற்றை, பாகல் எதையும் இப்போதே போடலாம், இவற்றுக்கெல்லாம் சூட்டு இரவு ஒரு பொருட்டே இல்லை. வெண்டியில் எம்.ஐ. 5, கத்தரியில் லேனா இரி, பாகலில் திருநெல்வேலி வெள்ளை என்று கேட்டு வாங்குங்கள், கடைக்காரருக்குத் தெரியும். கத்தரிக்கு அந்த இருபது லீற்றர் வாளி வேண்டும், வெண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் போதும். இடம் கிடைக்காவிட்டால் செப்டம்பர் வரை பல்கனியில் கீரை வகைதான் நல்லது. கங்குனுக்கு விதைகூட வேண்டாம். சந்தையில் ஒரு கட்டு வாங்கி, இலையைச் சுண்டலுக்கு எடுத்துவிட்டு, மீதித் தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் கணுவிலிருந்து வேர் வந்துவிடும். பசளியும் அப்படித்தான். வல்லாரையும் பொன்னாங்காணியும் அரை நிழலிலேயே ஓடும்.

மண்ணுக்கு மேல்மண், கொம்போஸ்ட், தும்புத்தூள் மூன்றும் சம பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் தண்ணீரில் ஊறவிட்டு வடித்து எடுங்கள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றச் சொல்லி ஊரில் சொல்வார்கள், வளவில் சரி, தொடர்மாடியில் காகமும் பக்கத்து வீட்டாரும் ஒன்றாக வருவார்கள்.

ஏப்ரல் மழை பெரும்பாலும் பின்னேரம் இடியோடு வந்து போகிற மழை, செடி தாங்கும். மே நடுப்பகுதிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று இறங்கினால் அது வேறு கதை, நாட்கணக்காக இலை காயாது. மே பிறப்பதற்குள் நாற்று ஒரு சாண் உயரமாவது வந்துவிட வேண்டும், முளைத்த குஞ்சுச் செடியை அந்த மழையில் விட்டால் அடி அழுகிச் சாய்ந்துவிடும். தெளிவான பொலித்தீன் தாளை மேலே மட்டும் கூரையாகக் கட்டுங்கள், பக்கங்களை மூடினால் உள்ளே வெந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழை கொஞ்சம் விடும், அப்போது இரண்டாவது முறை வெண்டியும் பயற்றையும் போடலாம்.  ஒக்டோபர், நவம்பரில் மறுபடி பெருமழை வரும்.

வெள்ளவத்தைக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது: சோளகக் காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். இலையின் ஓரம் மட்டும் தீய்ந்த மாதிரி கபில நிறமாகி நடு பச்சையாகவே இருந்தால் அது பெரும்பாலும் உப்பு. மழை விட்ட நாட்களில் பின்னேரம் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள், கடல் பக்கமாக ஒரு வலை கட்டுங்கள்.

பக்கற்றுகளுக்கு வருவோம். பட்டாணி குளிர்ப் பயிர், நுவரெலியா, வெலிமடைப் பக்கம் யாராவது சொந்தக்காரர் இருந்தால் கொடுத்துவிடுங்கள். லெட்டூஸ் உருண்டையாகத் திரளாது, ஆனால் நிழலில் நெருக்கமாகத் தூவி, நாலு விரல் உயரத்தில் வெட்டி சலாதுக்குப் போடலாம், விட்டுவைத்தால் தண்டு நீண்டு கசக்கும். வெங்காயம்தான் சுவாரசியம். பிரித்தானிய வெங்காயம் பகல் 14 மணித்தியாலத்துக்கு மேல் நீண்டால்தான் கிழங்கு கட்டும். லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணித்தியாலம், எங்களுடைய மிக நீண்ட பகலே பன்னிரண்டரைதான், எவ்வளவு உரம் போட்டாலும் கிழங்கு வராது. தாளுக்காக வேண்டுமானால் போடுங்கள், முட்டைப் பொரியலுக்கு நன்றாக இருக்கும். மிஞ்சிய தக்காளி விதையை மூடி இறுக்கிய போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இப்போது நிற்கிற தக்காளியைப் பிடுங்குவதா விடுவதா என்பதை இலை சொல்லும். அடி இலைகள் மட்டும் மேலே சுருண்டு தடித்திருந்தால் அது சூட்டுக்கு, விட்டுவைக்கலாம். நுனிக் குருத்து குறுகி, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் மாதிரி மடிந்து, செடியைத் தட்டும்போது வெள்ளை ஈ பறந்தால் அது இலைச்சுருள் வைரசு, மருந்து கிடையாது, பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து மிளகாயிலும் வெள்ளை ஈ ஏறிவிடும். பச்சையாகவே திடீரென்று வாடி விழுந்தால் தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள், சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வடிந்தால் அது பக்டீரியா வாடல். அந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்க முடியாது, கங்குனுக்கும் வெண்டிக்கும் கொடுத்துவிடுங்கள். குழப்பமாக இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா? மே வருவதற்குள் எடுத்துவிடுங்கள், அல்லது தட்டு முழுக்க மணலை நிரப்புங்கள். பருவமழையோடு டெங்கும் வரும், பொது சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது அந்தத் தட்டைத்தான்.