மாடு காணாமல் போனால் யாரிடம் போவது?

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் நண்பர்கள் நாலைந்து பேர் ஞாயிறு சாயந்திரம் கூடி ரோல்பிளே விளையாடுகிறோம். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். பகடை உருட்டிக் கதையை நகர்த்துவோம். கதையை நடத்துகிறவன் நான். இதுவரை வெள்ளைக்காரக் கோட்டை, நைட், டிராகன் என்றே ஓட்டினோம். இந்தத் தடவை நம்ம சீமையை வைத்து ஒரு கற்பனை நாடு செய்தேன். பாளையக்காரர் வந்தார், வீச்சரிவாள் வந்தது, பொதிகை மாதிரி ஒரு மலையும் வந்தது. ஆனால் வேஷம்தான் மாறியிருக்கிறது. ஆட்கள் பழைய நைட்டுகள் மாதிரியே நடந்துகொள்கிறார்கள். வரலாற்றிலிருந்து எதை எடுப்பது? எடுக்கலாமா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

தாராளமாக எடுக்கலாம். அரிவாளும் தலைப்பாகையும் எடுத்துவிட்டீர்கள், இனி கொடுக்கல் வாங்கலை எடுங்கள். யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எந்த மாதத்தில், கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்? இது தெரிந்துவிட்டால் கதாபாத்திரம் தானாகப் பேச ஆரம்பித்துவிடும்.

காவலைப் பாருங்கள். பாளையக்காரர் காலத்தில் நம் பக்கத்து ஊர்களில் போலீஸ் கிடையாது, காவல்காரர் உண்டு. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும் அவர் பங்கை அளந்துவிட வேண்டும். பதிலுக்கு, ஊரில் களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தருவது அவர் பொறுப்பு. முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். சரி, காவல்கூலி கொடுக்க மறுத்த ஊரில் என்ன ஆகும்? விடிந்து பார்த்தால் தொழுவில் உழவுமாடு இருக்காது. இரண்டு நாள் கழித்து ஒருவர் வருவார். திண்ணையில் உட்கார்ந்து மழை தண்ணி, பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்துவிட்டு, மாடு இருக்கும் இடம் தெரிந்த ஆள் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்பார். அதற்கு ஒரு தொகை. துப்புக்கூலி என்று பேர். பணம் கைமாறினால் சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும்.

உங்கள் ஆட்டத்தில் ஒரு கதாபாத்திரத்தைக் காவல்காரர் மகளாக்குங்கள். அப்பா காவல் பார்க்கும் ஊரில் மாடு போய்விட்டது. ஓட்டிப் போனவர்கள் அவளுடைய தாய்மாமன் ஊர்க்காரர்கள். ஈடு கட்ட வீட்டில் பணமில்லை, ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை மாமன் மகன். அரிவாளைக் கையில் எடுக்குமுன் அவள் எவ்வளவு யோசிக்க வேண்டும் பாருங்கள். பகடைக்கு இனி வேறு கனம் வந்துவிடும்.

கோட்டைக்கும் இதே கேள்விதான். 1801-இல் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை உங்கள் ஊர்ச் சிறையிலிருந்து தப்பிப் போனதும், கும்பினியார் இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை சில நாட்களுக்குள் திரும்ப எழுந்தது. மண் சுமந்தது யார், அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

மந்திரவாதி வேண்டுமா? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சொல்கிறார்: மூழ்குகிறவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் மந்திரத்தால் கட்டிப்போட ஆட்கள் இருந்தார்கள். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. பிற்காலத்தில் கடல்கட்டி என்று பேர். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கட்டு பகலுக்கு மட்டும்தான். ராத்திரி மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் மூழ்கக் கூடாது என்று! மந்திரத்துக்குக் கூலி உண்டு, நேரம் உண்டு, அதனால் லாபம் அடைகிறவரும் உண்டு. நெருப்புருண்டை வீசும் கிழவரைவிட இவர் எவ்வளவோ மேல்.

தெய்வங்களையும் இப்படியே செய்யுங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கை. பட்டவராயன் என்பது முத்துப்பட்டன்தான். பிராமணராகப் பிறந்த அவர், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் இருவரை விரும்பி, பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, அந்தத் தொழிலையும் கற்று மணந்தார். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தார். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடும் கதை அந்த ஒரு ஜோடிச் செருப்பில் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சாமிக்கு என்ன காணிக்கை, ஏன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

எடுக்கலாமா என்று கேட்டீர்கள். ஒன்றை மட்டும் எடுக்கவே கூடாது. இந்த விளையாட்டுகள் பலவற்றில், இன்ன இனத்தில் பிறந்தால் திருட்டுக்கு இத்தனை புள்ளி, முரட்டுத்தனத்துக்கு இத்தனை புள்ளி என்று விதி இருக்கும். 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டமும் இதைத்தான் சொன்னது. 1911-இல் அதைத் திருத்தி நம் மாகாணத்திலும் நடைமுறைப்படுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகக் காவல் பார்த்த சமூகங்கள் சில அதில் சிக்கின. ஒரு குற்றமும் செய்யாதவர்கள் கைரேகை வைத்துவிட்டு ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கலாம். புள்ளியைத் தொழிலுக்குக் கொடுங்கள், வளர்ந்த இடத்துக்குக் கொடுங்கள், பிறப்புக்குக் கொடுக்காதீர்கள். இன்று இருக்கிற எந்தச் சாதியின் பெயரையும் உங்கள் நாட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். காவல்கூலியும் கடல்கட்டியின் பங்கும் இருந்தால் போதும், பெயர்களை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், கோயில் கொடை (திருவிழா) நடக்கும் ஊர் ஏதாவது ஒன்றுக்கு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய் வில்லுப்பாட்டை முழுசாகக் கேளுங்கள். எந்தக் கதை பாடினார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்