சீனத் தற்காப்புக் கலையான தாய் சியின் ஒற்றைக்கால் நிலைகளை எப்படிப் பழகுவது? தற்காப்புக்கு அவை உண்மையில் உதவுமா?

உதவும், ஆனால் படத்தில் பார்க்கிற மாதிரி அல்ல. ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பது பயிற்சிக்காக. கைகலப்பில் அந்த நிலை ஒரு நொடிகூட நீடிக்காது. அதுவும் எதிராளியின் கை உங்கள் கட்டுப்பாட்டில் இருந்து, அவர் தடுமாறும்போதுதான் காலையே தூக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் இதைப் பூங்காவில் ஆடும் ஆட்டம் என்று ஒதுக்குகிறார்கள். இன்னும் சிலர் சேவல் மாதிரி நின்றாலே ஆளைச் சாய்த்துவிடலாம் என்று நம்புகிறார்கள்.

பெரும்பாலானோர் முதலில் கற்கும் தொகுப்பு, 1956-ல் சீன அரசு விளையாட்டுத் துறை, தாய் சியின் மரபுகளில் ஒன்றான யாங் பாணியைச் சுருக்கி உருவாக்கிய 24 அசைவுகள். அதில் 13, 15 ஆகியவை குதிகால் உதைகள். 16, 17 இரண்டும் பாம்பு ஊர்வதுபோல் தரையோடு தாழ்ந்து, அப்படியே எழுந்து, ஒரு முழங்காலை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் 'தங்கச் சேவல்' நிலைக்கு வருபவை. நீண்ட தொகுப்புகளில் காலை வளைத்து வீசும் தாமரை உதையும் உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எல்லாரும் தூக்கும் காலைக் கவனிக்கிறார்கள். வேலை முழுக்க நிற்கும் காலில்தான் இருக்கிறது. குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி என்று மூன்று இடங்களிலும் எடை சமமாகப் பரவ வேண்டும். விரல்களால் தரையைப் பிறாண்டிப் பிடிக்காதீர்கள். கணுக்கால் இறுகிவிடும், அப்புறம் சின்ன ஆட்டத்தைக்கூட அதனால் சரிசெய்ய முடியாது. முழங்கால் லேசாக மடங்கி, பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே இருக்கட்டும். இடுப்பு பக்கவாட்டில் பிதுங்கினால் இடுப்பின் வெளிப்புறத் தசை வேலை செய்யவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் காலை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை.

சேவல் நிலைக்கு எழும் இடத்தில் நிறைய பேர் பின்காலால் தரையை உந்தி எம்பிவிடுகிறார்கள். அது குதிப்பு. தாழ்ந்த நிலையிலிருந்து முன்பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, எடை முழுவதும் அதன்மேல் வந்து சேர்ந்த பிறகுதான் பின்கால் தரையை விட வேண்டும். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பாதம் தரையை விட்ட அந்தக் கணத்தில் அப்படியே நிறுத்த முடிகிறதா? முடியவில்லை என்றால் எடை இன்னும் பாதிதான் மாறியிருக்கிறது. இறக்கும்போதும் இதே சோதனை. காலைத் தொப்பென்று போடாமல், சத்தமில்லாமல் வைக்க வேண்டும். எனக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினமாகத் தோன்றுகிறது. உதைகளுக்கும் இதுவே: முழங்காலை உயர்த்தி, நிதானித்து, பிறகு குதிகாலை நீட்டி, மறுபடி முழங்காலை மடக்கி, அதன்பின் கீழே.

புதியவர்கள் நேராகச் சேவலுக்குப் போக வேண்டாம். 'வெண்கொக்கு சிறகு விரித்தல்' நிலையில் எடை ஏறக்குறைய முழுவதும் பின்காலில் இருக்கும், முன்காலின் நுனி மட்டும் தரையைத் தொடும். அங்கிருந்து முன்காலைத் துளி உயர்த்தி வையுங்கள், பிறகு முழங்காலை இடுப்புவரை. கண் எதிரே ஒரு புள்ளியில் நிலைக்கட்டும். அது எளிதானதும் தலையை மெல்ல இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பார்வையை எவ்வளவு நம்பி நின்றீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். முழங்கால் வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சுவர் ஓரமாகவே பழகுவது நல்லது.

சரி, தற்காப்பு. சேவல் நிலையில் ஒரு கை உயர்கிறது, மறு கை இடுப்பருகே கீழே அமுக்குகிறது. அந்தக் கீழ்க்கையைத்தான் பலரும் அலங்காரமாக நினைக்கிறார்கள். ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்த்து இழுக்காமல் அந்த இழுப்போடு சேர்ந்தே எழுகிறீர்கள். மேல்கை அவருடைய முழங்கையையோ தாடையையோ மேலே தள்ளுகிறது. கீழ்க்கை அவருடைய மறு கையை அமுக்கிவைக்கிறது. அவர் குதிகாலில் சாயும்போது உங்கள் முழங்கால் அடிவயிற்றிலோ தொடையிலோ ஏறுகிறது. கீழ்க்கை சும்மா இருந்தால் அவருடைய இன்னொரு கை உங்கள் முகத்துக்கு வரும், அல்லது தூக்கிய காலைப் பிடித்துக்கொள்ளும். மல்யுத்தம் தெரிந்தவரிடம் கால் சிக்கினால் கதை முடிந்தது.

இதே தூக்கலுக்கு இன்னொரு பயனும் உண்டு. காலை வாரும் வீச்சோ தாழ்வான உதையோ வரும்போது கால் விலகிக்கொள்கிறது. இறங்கும்போது அவருடைய புறங்காலின் மேலேயே மிதிக்கலாம். மெதுவாக, சத்தமில்லாமல் இறக்கிப் பழகியவருக்கு எங்கே வைக்கிறோம் என்பது கட்டுப்பாட்டில் இருக்கும்.

குதிகால் உதையைப் பயிற்சியில் இடுப்புக்கு மேலே உயர்த்துவது இடுப்பு மூட்டுக்காகவும் நிதானத்துக்காகவும். நிஜத்தில் முழங்கால், தொடை, அதிகபட்சம் அடிவயிறு. என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விட உதவக்கூடியது வெண்கொக்குதான். முன்காலில் ஏற்கெனவே எடை இல்லாததால் உடலைச் சாய்க்காமலே கணைக்காலில் ஓர் உதை கொடுக்கலாம், எதிராளிக்கு முன்னறிகுறியே தெரியாது.

இதெல்லாம் தனியாக அசைவுகளைச் செய்துகொண்டிருந்தால் வராது. துணை ஒருவர் வேண்டும். இருவர் கைகளைத் தொட்டபடி தள்ளியும் விலக்கியும் பழகும் 'தள்ளு கை'ப் பயிற்சியில் நீங்கள் ஒற்றைக்காலில் நிற்க, அவர் உங்கள் முன்கையை மெல்லத் தள்ளட்டும். கையையும் இடுப்பையும் திருப்பி அந்தத் தள்ளலை விலக்கப் பாருங்கள். சிரிப்பும் தடுமாற்றமுமாகத்தான் தொடங்கும். எவ்வளவு பழகினாலும் ஈரத்தரையில், கூட்டத்தில், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு எதிரே காலைத் தூக்காதீர்கள். ஓட வழியிருந்தால் இரண்டு காலாலும் ஓடுங்கள்.

தாக்குதலைவிடக் கீழே விழுவதுதான் நம்மில் பலருக்கு நடக்கப்போகிறது. 1996-ல் வெளியான அட்லாண்டா ஆய்வு ஒன்றில், 70 வயதைத் தாண்டியவர்கள் தாய் சி பழகியபோது, பலமுறை விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் தற்காப்புப் பகுதியை விட்டுவிட்டு, எடை மாற்றுவதை மட்டும் நாற்காலியைப் பிடித்தபடி சொல்லிக்கொடுங்கள்.

எல்லாருக்கும் ஒரு கால் மற்றதைவிடத் தடுமாறும். பயிற்சியை அந்தக் காலில் தொடங்குங்கள்; களைத்த பிறகு அதற்கு வந்தால் கோணலாக நிற்பதுதான் பழகும்.