மாமனார் பரண்ல வச்ச ஒயினுக்கு என்ன விலை போகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். மும்பைல செம்பூர்ல இருக்கோம். மாமனார் மர்ச்சன்ட் நேவில கேப்டனா இருந்தவர், போன வருஷம் தவறிட்டார். வீட்டை ஒழிக்கிறப்போ கிச்சன் பரண்ல ஆறு ரெட் ஒயின் பாட்டில் இருந்துச்சு. ரெண்டு லிஞ்ச்-பாஜ் 1989, ஒண்ணு மூத்தோன் ராத்சைல்ட் 1993, மிச்சம் மூணு பியூஜொலே 1998. எல்லாம் 20 வருஷத்துக்கு மேல அங்கயேதான் கிடந்திருக்கு. பையன் போன்ல தேடிப் பார்த்துட்டு ஒரு பாட்டிலே ரெண்டு மூணு லட்சம் போகும்மாங்கிறான். நிஜமா? எங்க விக்கிறது?

பதில்: அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தூசியா இருக்குன்னு ஈரத்துணி போட்டுத் துடைச்சிடாதீங்க. மாட்டுங்கால ஒரு வீட்டுக்கு இதே மாதிரி பார்க்கப் போயிருந்தேன், பொங்கலுக்கு வீடு ஒழிச்சப்போ அந்த வீட்டு மாமி பாட்டிலையும் சேர்த்துப் பளபளன்னு துடைச்சு வச்சிருந்தாங்க, லேபிள்ல வருஷம் இருந்த இடம் கூழா கரைஞ்சு 19 மட்டும்தான் நிக்குது, அதுக்கப்புறம் என்ன நம்பர்னு வீட்ல யாருக்கும் ஞாபகம் இல்ல. கார்க்லயும் பெரும்பாலும் வருஷத்தை அச்சடிச்சிருப்பாங்கதான், ஆனா அதைப் படிக்கணும்னா பாட்டிலைத் திறக்கணும். ஒயின்ல வருஷம் தெரியலன்னா விலை பேசவே முடியாது.

உங்க பையன் பார்த்த நம்பர் எனக்குத் தெரிஞ்சு கேஸ் விலையா, அதாவது ஒரு பெட்டியோட விலையா இருக்கணும். லண்டன் வியாபாரிங்க பலபேர் 12 பாட்டில் கேஸுக்கு, இல்லாட்டி 6 பாட்டில் கேஸுக்குத்தான் விலை போடுவாங்க, நாம அதைப் பாட்டில் விலைன்னு நினைச்சுக்கிறோம். அதுமட்டும் இல்ல, வெப்சைட்ல போட்டிருக்கிறது கடைக்காரர் கேக்குற விலை, அந்த விலைக்கு வித்துச்சாங்கிறது வேற கதை. ஏலத்துல கடைசியா என்ன விலைக்குப் போச்சுன்னு பாருங்க, அதுலயும் வாங்கினவர் கட்டுற கமிஷன் 20, 25 சதவீதம் சேர்ந்திருக்கும், அதைக் கழிச்சு, விக்கிறவர் தர வேண்டிய கமிஷனையும் கழிச்சாதான் கைக்கு வர்ற காசு தெரியும்.

இப்போ பாட்டிலுக்கு வருவோம். அரிசி பழசானா விலை ஜாஸ்தி, புளி பழசானா மருந்துக்கு ஆகும், அதுக்காக தயிரைப் பத்து நாள் வச்சா யாரு சாப்பிடுவா? ஒயினும் அப்படித்தான். உங்ககிட்ட இருக்கிற பியூஜொலே மூணும் வாங்கின சில வருஷத்துக்குள்ள குடிக்கணும்னே செஞ்ச ஒயின், அதை விட்டுடுங்க. லிஞ்ச்-பாஜ் அப்படி இல்ல. பிரான்ஸ்ல போர்டோ பக்கத்து ஒயின், 1855ல அங்க போட்ட ஒயின் தரப் பட்டியல்ல அஞ்சாவது தரத்துல இருக்கு, ஆனா மார்க்கெட்ல அதுக்கு அந்தத் தரத்தை மீறின மரியாதை, 1989 ரொம்ப நல்லா அமைஞ்ச வருஷம் வேற. மூத்தோன் அதே பட்டியல்ல ரெண்டாவது தரத்துல இருந்து 1973ல முதல் தரத்துக்கு ஏத்தினாங்க, அது ரொம்ப அபூர்வம். 1945ல இருந்து வருஷா வருஷம் ஒரு ஓவியர்கிட்ட லேபிளுக்குப் படம் வாங்கிப் போடுறாங்க, 1973க்கு பிக்காசோ படம். உங்க 1993 பாட்டிலுக்கு பால்துஸ் வரைஞ்ச படம், அதுக்கு அமெரிக்கால எதிர்ப்பு வந்ததால அங்க போன பாட்டில்ல அந்த இடத்தை வெறுமையா விட்டுட்டாங்க, லேபிளுக்காகவே ரெண்டு விதத்தையும் தேடிச் சேர்க்கிறவங்க இருக்காங்க. உள்ள இருக்கிற ஒயினைப் பொறுத்த வரைக்கும் 1993 சுமாரான வருஷம்தான், 1989 பக்கத்துல வராது.

பேரும் வருஷமும் நல்லா இருந்துட்டா போதுமான்னா, இல்லம்மா, எனக்கு மனசு கஷ்டமா இருக்கிற இடம் அந்தப் பரண்தான். இந்த மாதிரி ஒயினுக்கு 12, 13 டிகிரி குளிர்ச்சி வேணும், வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்கணும், வெளிச்சம் ஆகாது, கார்க் காயாம இருக்க பாட்டில் படுத்திருக்கணும். செம்பூர் வெயில்ல, அடுப்புக்கு மேல இருக்கிற பரண்ல 20 மே மாசம் தாண்டியிருக்கு. சூட்டுல ஒயின் விரிஞ்சு கார்க்கைத் தள்ளும், ராத்திரி ஆறினதும் சுருங்கிக் காத்தை உள்ள இழுக்கும், தினமும் இதே வேலை.

எவ்வளவு கெட்டிருக்குன்னு நீங்களே பார்க்கலாம். சாயங்காலம் லைட்டை அணைச்சிட்டு பாட்டிலை மெதுவா நிமிர்த்தி வச்சு, பின்னால இருந்து போன் டார்ச் அடிங்க. போர்டோ பாட்டிலுக்குக் கழுத்து முடிஞ்ச இடத்துல தோள் மாதிரி வளைவு இருக்கும். இத்தனை வருஷம் ஆன பாட்டில்ல ஒயின் கழுத்தோட அடியிலயோ தோளோட உச்சியிலயோ நின்னா நல்லது, தோள் நடுவுக்கு இறங்கியிருந்தா வாங்குறவன் விலையை வெட்டுவான், அதுக்கும் கீழன்னா தொடவே மாட்டான். அப்புறம் மேல சுத்தியிருக்கிற உறையை ரெண்டு விரலால திருகிப் பாருங்க, சுத்துச்சுன்னா பெரும்பாலும் கசிவு இல்லன்னு வச்சுக்கலாம், பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு அசையலன்னா ஒயின் கசிஞ்சு அங்க காய்ஞ்சிருக்கலாம். உச்சியைக் கட்டைவிரலால தடவுங்க, கார்க் புடைச்சிருந்தா சூடு பட்டிருக்குன்னு சந்தேகப்படணும். அடியில கசடு தெரிஞ்சா பயப்படாதீங்க, பழைய ரெட் ஒயின்ல அது இருக்கத்தான் செய்யும்.

விக்கிறதைப் பத்திக் கேட்டீங்க. மகாராஷ்டிரால லைசென்ஸ் இல்லாம மது விக்கிறது 1949ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், ஒரு பாட்டிலா இருந்தாலும் சரி, வாட்ஸ்ஆப் குரூப்ல தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துக் காசு வாங்கினாலும் சரி. வீட்ல வச்சுக்கவும் குடிக்கவுமே இங்க பர்மிட் வேணும், அது இருக்கான்னு பார்த்துக்கோங்க. வெளிநாட்டு ஏலக் கம்பெனி முதல்ல கேக்கிறதே எங்க வாங்கினீங்க, பில் இருக்கா, எங்க வச்சிருந்தீங்கன்னுதான். கிச்சன் பரண்னு சொன்னா அதோட பேச்சு முடிஞ்சுது. அதனால என் கணக்குப்படி உங்க ஆறு பாட்டிலுக்கு விக்கிற விலைன்னு ஒண்ணு இல்ல, இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா லிஞ்ச்-பாஜ்ல ஒண்ணு உள்ள பிழைச்சிருக்கலாம், இந்த மாதிரி கெட்டி ஒயின் சில சமயம் ஆச்சரியப்படுத்தும். ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வச்சு கசடு அடங்கினப்புறம் திறங்க, பழைய கார்க் பொடிஞ்சுடும், அதனால திருகு ஓப்பனர் வேண்டாம், ரெண்டு பக்கமும் தகடு இறங்குற மாதிரி ஒண்ணு கிடைக்கும், அதை வாங்குங்க. மாமனாரோட திதி முடிஞ்சு ஒரு நாள் அவரோட கப்பல் சிநேகிதங்க யாராவது இருந்தா கூப்பிட்டுத் திறங்க. மூத்தோன் பாட்டிலைத் திறக்க வேண்டாம், அந்தப் படத்தோட ஷோகேஸ்ல இருக்கட்டும்.

கேள்வி: சயான்ல இருந்து எழுதுறேன். ஒரு குரூப்ல ஒருத்தர் லஃபீத் 1982 பிரெஞ்சு ஒயின் இருக்கு, பாதி விலைக்குத் தர்றேங்கிறார். லேபிள் போட்டோ எல்லாம் அசலாதான் தெரியுது. வாங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், லஃபீத் 1982 உலகம் பூரா பல ஆயிரம் டாலருக்குப் போற சரக்கு, அதை எதுக்கு ஒருத்தர் உங்களுக்குப் பாதி விலைக்குத் தரணும்? லேபிள் போட்டோவை வச்சு எதுவும் சொல்ல முடியாது. ரூடி குர்னியவான்னு ஒருத்தர் கலிபோர்னியால வீட்டுக்குள்ளயே பழைய பாட்டில்ல கலந்து ஊத்தி லேபிள் ஒட்டி கோடிக்கணக்குல வித்தார். 2012ல பிடிபட்டார், 2014ல 10 வருஷ ஜெயில் தண்டனை. அவர் மேல சந்தேகம் வந்த விதத்தைத் தெரிஞ்சுக்கோங்க, அதுலதான் பாடம் இருக்கு. 2008ல நியூயார்க் ஏலத்துக்கு அவர் அனுப்பினதுல, ஒயின் செய்யுற போன்சோ குடும்பத்தோட க்ளோ சாங் தெனி தோட்டத்து ஒயின்னு 1945ல இருந்து வருஷம் போட்ட பாட்டிலுங்க வந்துச்சு, அந்தக் குடும்பத்துக்காரர் லோரான் போன்சோ பிரான்ஸ்ல இருந்து கிளம்பி நேர்ல வந்து நின்னார், ஏன்னா அவங்க அந்தத் தோட்டத்து ஒயினைப் போட ஆரம்பிச்சதே 1982லதான். லேபிள் அவ்வளவு நல்லா இருந்தும் கணக்குல மாட்டுச்சு. அதனால விக்கிறவர்கிட்ட போட்டோ கேக்காதீங்க, முதல் பில் எங்க, நடுவுல யார்யார் கை மாறுச்சு, எந்தக் குடோன்ல இருந்துச்சுன்னு கேளுங்க, அசல் வச்சிருக்கிறவர் அதை முதல்லயே எடுத்துப் போடுவார்.

இன்னொண்ணு, பெரிய பேர் இருக்கிற காலி பாட்டிலை ரத்திவாலாகிட்ட, அதாவது பழைய பேப்பர்காரர்கிட்ட, அப்படியே போடாதீங்க, லேபிளை ஆணியால கீறிட்டுப் போடுங்க. போலி பண்றவனுக்கு முதல்ல வேணுங்கிறதே அசல் காலி பாட்டில்தான்.

கேள்வி: பவாய்ல ஐடி வேலை. லண்டன்ல இருக்கிற கசின் ஒயின் கேஸ் வாங்கி அங்கயே குடோன்ல வச்சு அஞ்சு வருஷத்துல விக்கலாம்னு சொல்றான். லாபம் வருமா?

பதில்: பரண் ஒயினோட ஒப்பிட்டா இது சரியான வழிதான், ஏன்னா பாண்ட் குடோன்ல, அதாவது சரக்கை வெளிய எடுக்கிற வரைக்கும் வரி கட்ட வேண்டாத குடோன்ல இருந்து வெளியவே வராத கேஸுக்குத்தான் மார்க்கெட்ல நம்பிக்கை, ஆணி பிரிக்காத அசல் மரப்பெட்டியா இருந்தா இன்னும் நல்லது. ஆனா லாபம் நிச்சயம்னு கசின் சொன்னா நம்பாதீங்க. 2022 வரைக்கும் ஏறின விலை அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இறங்குச்சு, லிவ்-எக்ஸ்னு லண்டன்ல இருக்கிற ஒயின் சந்தையோட இன்டெக்ஸைப் பார்த்தா உங்களுக்கே தெரியும். குடோன் வாடகை, இன்சூரன்ஸ், விக்கிறப்போ கமிஷன் மூணையும் முதல்லயே கணக்குல போடுங்க, விலை அப்படியே நின்னாலே நஷ்டம்தான்னு புரியும். அப்புறம் கேஸ் உங்க பேர்ல குடோன் ரெஜிஸ்டர்ல ஏறணும், வியாபாரி பேர்லயே கிடந்தா அவர் கடையை மூடுற அன்னிக்கு உங்க கேஸ் எதுன்னு நிரூபிக்க அலையணும். இங்க கொண்டு வந்து வச்சுக்கலாம்னு மட்டும் யோசிக்காதீங்க, பிளைட்ல ஆளுக்கு 2 லிட்டர்தான் டியூட்டி இல்லாம வரும், வந்ததுக்கப்புறம் திருப்பி விக்கவும் வழி இல்ல.

கேள்வி: முலுண்ட் வாசகி. 2010ல நாசிக் போனப்போ வாங்கின ரெட் ஒயின் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. வச்சிருந்தா விலை ஏறுமா?

பதில்: ஏறாதும்மா. நாசிக் ஒயின் நல்லா முன்னேறியிருக்கு, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஆனா நம்ம ஊர் ஒயினுக்கு மறுவிற்பனை மார்க்கெட்னு ஒண்ணு இன்னும் வரல. வீட்டு ஃப்ரிட்ஜ்ல வருஷக்கணக்கா வச்சா கார்க்கும் காய்ஞ்சு போயிடும். திறந்து மோந்து பாருங்க, காடி வாசனை அடிச்சா சிங்க்ல ஊத்திடுங்க.