அண்ணன் தோட்டத்தில் காய்த்தது உங்கள் தோட்டத்தில் காய்க்குமா?
நெல்லைச் சீமை மண் பற்றிய கேள்வி பதில்

மண் பரிசோதனை வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் பாதி, ‘பக்கத்து ஊரில் விளைகிறதே, எனக்கும் விளையுமா?’ என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மானூர்ப் பக்கம் கரிசலில் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறேன், அண்ணாச்சி. தென்னை வைக்கலாமா? களக்காட்டில் அண்ணன் வைத்து நன்றாகக் காய்க்கிறது.

அண்ணன் தோட்டம் மலையடிவாரத்துச் செவல், அதாவது செம்மண். உங்களுடையது மழையில் ஊதி வெயிலில் வெடிக்கிற மண். சித்திரையில் போய் வெடிப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள், முழங்கை வரை போகும். மண் அப்படிச் சுருங்கும்போது இளவேரை அறுத்துவிடும். ஐப்பசியில் அதே மண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது, வேர் மூச்சுத் திணறும்.

வைக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். முதலில் நாலைந்து இடத்தில் இடுப்பளவு குழி தோண்டுங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு உருண்டைகள் வந்து, அதன் கீழே சுக்கான் பாறை, அதாவது இறுகிய சுண்ணாம்புப் பாறை, தட்டினால் தென்னையை மறந்துவிடுங்கள். சுக்கானை உடைத்துக் கன்று வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலைந்து வருடம் செழிப்பாக நிற்கும், பிறகு மட்டை சிறுத்துக்கொண்டே வரும்.

கரிசலின் பலமே ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான். வடகிழக்கு மழையைக் குடித்துவிட்டு, மழை நின்ற பிறகும் பயிரைக் காப்பாற்றும். உளுந்து, பாசி, சோளம், மக்காச்சோளம், பருத்தி எல்லாம் அந்த ஈரத்தை நம்பித்தான் நிற்கின்றன. கோடை உழவு போட்டு, புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக விதைத்துவிடுங்கள். மழை பிடித்த பிறகு கரிசலில் ஏர் இறங்காது, செருப்புகூடக் கழன்று சேற்றோடு நின்றுவிடும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இந்த மண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஒருமுறை போய்க் கேளுங்கள்.

கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டமாயிற்றே, ஐயா?

1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் நெல்லையிலிருந்து பிரிந்த தகவல் மண்ணுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

திசையன்விளை அருகே தேரி மண். உரம் எவ்வளவு போட்டாலும் பயிரில் தெரியவில்லை. ஏன்?

தேரி என்பது காற்று கொண்டுவந்து குவித்த மணல். மணலின் மேல் இரும்புத் துரு பூசியிருப்பதால்தான் அந்தச் சிவப்பு. நிறத்தைப் பார்த்துச் செவல் என்று ஏமாறாதீர்கள். ஒரு பிடியை நனைத்து உருட்டுங்கள், உருண்டை நிற்காமல் உதிரும். களி இல்லாத மண்ணில் உரம் தங்க இடமே கிடையாது, தண்ணீரோடு கீழே போய்விடும். ஆகவே ஒரே தடவையில் கொட்டாமல், அதே அளவைப் பல தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். அனுமதி வாங்கிக் குளத்துக் கரம்பை, அதாவது குளத்தடி வண்டல் மண், அடித்துப் பரப்புங்கள், தொழு உரத்தோடு சேர்ந்தால் ஈரம் நிற்கும். முருங்கை, முந்திரி, பனை ஆகியவை இந்த மண்ணுக்குப் பழகியவை. வாழை ஆசை இருந்தால் சொட்டுநீரும் கையில் தாராளமாகப் பணமும் வேண்டும்.

சேரன்மகாதேவியில் பிசானப் பருவ நெல் நடவு. மூன்றாவது வாரம் இலையில் துருப்பிடித்தது போல் புள்ளி, பயிரும் வளரவில்லை. மருந்துக்கடையில் நோய் என்கிறார்கள்.

கடைக்காரருக்கு மருந்து விற்க வேண்டுமே! கால்வாய்ப் பாசனத்தில் எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும் வண்டலில் இது பெரும்பாலும் துத்தநாகக் குறை. இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுத்திருக்கிறதா பாருங்கள். வெளுத்திருந்தால் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கரைத்துத் தெளியுங்கள். அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

ஆலங்குளத்துச் செவலில் நிலக்கடலை. பருப்பில்லாத பொக்குக் காய் அதிகம்.

சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை. நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும்.

ராதாபுரம் பக்கம் எங்கள் வயலில் வெள்ளை பூக்கிறது. நானும் ஜிப்சம் போட்டுவிடட்டுமா?

பொறுங்கள். வெள்ளை பூப்பது உப்பு ஏறிய உவராகவும் இருக்கலாம், சோடியம் ஏறி இறுகிய களராகவும் இருக்கலாம். உவருக்கு வேண்டியது நல்ல தண்ணீரும் வடிகாலும் மட்டும்தான். ஜிப்சம் களருக்கு மருந்து, அதுவும் போட்டபின் தண்ணீர் கட்டி வடித்தால்தான். கடலோரக் கிணற்று நீரே உப்பாக இருந்தால், நீங்கள் ஒவ்வொரு பாய்ச்சலிலும் உப்பை விதைக்கிறீர்கள். மண்ணையும் தண்ணீரையும் சேர்த்தே பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மண் எப்படி எடுக்க வேண்டும்?

வரப்போரம், மரநிழல், எருக்குழி பக்கம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு இடத்தில் மேல்சருகை விலக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் அரையடி ஆழம் வெட்டி, சரிவின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக்கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். உரம் வந்த சாக்கில் மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்படி வந்த ஒரு பொட்டலத்தில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், எக்கச்சக்கமாகக் காட்டியது, நிலத்துக்காரர் ஒரு வருடம் பொட்டாஷே போடவில்லை.