வேகம் வேறு, தாமதம் வேறு: தொலைத்தொடர்புக் கேள்வி பதில்

மொரீசியஸ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த விடைகள்.

கேள்வி (குவாத்ர் போர்ன்): ஐயா, வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஒளியிழை இணைப்பு இருக்கிறது. கோப்பு ஒன்றை இறக்கும்போது கணினி விநாடிக்கு 12 எம்பி என்றுதான் காட்டுகிறது. மீதி எங்கே போகிறது?

பதில்: எங்கும் போகவில்லை. நிறுவனங்கள் இணைப்பின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்ற கணக்கில் சொல்கின்றன. கணினி மெகாபைட் (எம்பி) கணக்கில் காட்டுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5 வரும். ஆகவே கொடுத்த பணத்துக்குரிய வேகம் உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி (போர்ட் லூயி): என் தங்கை ரொட்ரிக்ஸ் தீவில் ஆசிரியையாக இருக்கிறாள். முன்பெல்லாம் பேசும்போது இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்போம், இருவருமே நிறுத்துவோம், மறுபடியும் சேர்ந்தே தொடங்குவோம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. இணைய வேகம் கூடியதுதான் காரணமா?

பதில்: வேகம் கூடியது உண்மைதான், அம்மா. ஆயினும் அந்தத் தடுமாற்றம் தீர்ந்ததற்குக் காரணம் தாமதம் குறைந்ததே. ஒரு விநாடிக்குள் எவ்வளவு தரவு போகிறது என்பது வேகம். அனுப்பிய முதல் பிட் மறுமுனையைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்பது தாமதம். ஒன்று கூடினால் மற்றது தானாகக் குறைந்துவிடும் என்று எண்ணக்கூடாது.

முன்பு ரொட்ரிக்ஸ் தீவின் வெளித்தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் அவ்வகைச் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் குரல் அங்கே ஏறி இறங்க 71,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்குக் கால் விநாடி பிடிக்கும். தங்கையின் பதில் அதே வழியில் திரும்பி வருவதற்குள் அரை விநாடி கழிந்துவிடும். அந்த அரை விநாடி மௌனத்தைக் கேட்டு, அவர் பேசவில்லை என்று நினைத்து நீங்கள் தொடங்குவீர்கள், அவரும் அப்படியே. இப்போது மொரீசியஸையும் ரொட்ரிக்ஸையும் இணைக்கும், 2019-இல் இயங்கத் தொடங்கிய மார்ஸ் என்ற கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுவதால், அந்தத் தூரத்தை நான்கு மில்லி விநாடிக்குள் கடந்துவிடுகிறது. அவ்வளவு சிறிய இடைவெளி காதுக்குத் தெரியாது.

கேள்வி (ரோஸ் ஹில்): அப்படியானால், என் மகன் கேரளத்து நண்பர்களோடு விளையாடும் இணைய விளையாட்டு திணறாமல் இருக்க, இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறுவது பயன் தருமா?

பதில்: அதே நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் படம் பார்ப்பதால் திணறுகிறது என்றால் பயன் தரும். இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சேமித்து வையுங்கள். நம் தீவின் தென்கரையில் பே து ஜாகோத்தே என்ற இடத்தில் கரையேறும் சேஃப் என்ற கடலடிக் கேபிள் கேரளத்தின் கொச்சிவரை போகிறது. நேர்க்கோட்டிலேயே சுமார் 4,000 கிலோமீட்டர் தூரம் என்பதால், ஒளி போய்த் திரும்பவே 40 மில்லி விநாடி ஆகும். எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. விளையாட்டை நடத்தும் கணினி, அதாவது சர்வர், வேறொரு கண்டத்தில் இருந்தால் தாமதம் மேலும் கூடும். வைஃபையை விட்டு ரவுட்டரிலிருந்து கம்பி வழியாகக் கணினியை இணைத்துப் பாருங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

கேள்வி (குவாத்ர் போர்ன்): தைப்பூசக் காவடியன்று கோர் தெ கார்ட் மலைக் கோயிலில் சிக்னல் முழுதாகக் காட்டியும் காணொளியை அனுப்ப முடியவில்லை. ஏன்?

பதில்: திரையில் தெரியும் கோடுகள் கைபேசிக் கோபுரத்தின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை மட்டுமே காட்டும், அங்கே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. ஒரு கோபுரத்துக்கு ஒதுக்கிய அலைக்கற்றை குறிப்பிட்ட அளவுதான். அடிவாரத்தில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாளில் எல்லோரும் காணொளியை அனுப்புகிறார்கள். ஆனால் வலையமைப்பில் அனுப்புவதற்கான பங்கு பெறுவதற்கான பங்கைவிடப் பொதுவாகச் சிறியது. குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். காணொளியை வீட்டுக்கு வந்து அனுப்புங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி (போ பசேன்): எங்கள் வீட்டில் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை.

பதில்: 1960-இல் கேரல் புயல் அடித்த பிறகு நம் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. புயலைத் தாங்கும் அந்தச் சுவர் வைஃபை அலையையும் விழுங்கும். ரவுட்டர் அனுப்பும் இருவகை அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், பின்னறையில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் தரையில் கிடந்தால், வீட்டின் நடுவே உயரமான இடத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி (மாயேபூர்): புயலில் கடலடிக் கேபிள் அறுந்து போகாதா?

பதில்: ஆழ்கடலில் புயலின் அலை அடித்தளத்தை எட்டுவதில்லை. உலகெங்கும் கேபிள் அறுவதற்குப் பெரும்பாலான காரணம் கப்பலின் நங்கூரமும் மீன்பிடி வலையுமே. அதனால் தான் ஆழத்தில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவே இருக்கும் கேபிளை, கரையை நெருங்கும் இடத்தில் எஃகுக் கம்பி சுற்றிப் பருமனாக்குகிறார்கள். நம் தீவை வெளியுலகோடு இணைக்கும் கேபிள்களில் சேஃப் 2002-இலும், லயன் 2009-இலும், மெட்டிஸ் 2021-இலும் செயல்படத் தொடங்கின. ஒன்று பழுதானால் மற்றவற்றின் வழியே தரவைத் திருப்பிவிடலாம். அப்போது இணையம் மந்தமாகலாம், ஆனால் முற்றிலும் நின்றுபோக வேண்டியதில்லை. புயல் நாளில் உங்கள் இணைப்பு அறுந்தால், பெரும்பாலும் தெருவில் சாய்ந்த கம்பமோ மின்தடையோ காரணமாக இருக்கும்.